அரசு சொல்லும் எண்ணை எப்படிப் படிப்பது? ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி மாட்டியிருக்கிறது. கண்ணாடி இழை கேபிள் வந்து முடியும் பெட்டி. முதல் தடவை நான் பார்த்தபோது அதன் மேல் பழைய வரி ரசீதுக் கட்டுகள் அடுக்கியிருந்தன. உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. ஊராட்சிச் செயலர் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வீட்டுவரி ரசீது எடுத்துக்கொண்டிருந்தார். "கேபிள் வந்துடுச்சுண்ணே, நெட்டுதான் வரல" என்றார். அரசுப் பட்டியலிலோ எங்கள் ஊராட்சிக்கு நேராக "சேவைக்குத் தயார்" என்று இருந்தது.

அந்தப் பட்டியலைப் பொய் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. கேபிள் வந்திருந்தது, கருவியும் மாட்டப்பட்டிருந்தது. "சேவைக்குத் தயார்" என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பொருள் அவ்வளவுதான். நான்தான் அதை "இணையம் வருகிறது" என்று படித்துவிட்டேன். அரசின் தொழில்நுட்பத் திட்டமாகட்டும், பொருளாதாரப் புள்ளிவிவரமாகட்டும், நாம் ஏமாறுவது பெரும்பாலும் இப்படித்தான். எண் சரியாகவே இருக்கும், அது எதை எண்ணியது என்பது நமக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் பல வருடமாகக் கடைப்பிடிக்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன். கணக்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. கூட்டல், வகுத்தல், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

படி 1: அறிவிப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

செய்தியைப் படித்ததும் வினைச்சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். அறிவித்தார்களா, புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்களா, அமைச்சரவை ஒப்புதல் தந்ததா, அரசாணை வந்ததா, பணம் ஒதுக்கினார்களா, டெண்டர் விட்டார்களா, பணி ஆணை கொடுத்தார்களா, வேலை முடிந்ததா, மக்கள் பயன்படுத்துகிறார்களா? ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக மாதங்கள் ஆகலாம், வருடங்கள் ஆகலாம், போகாமலேயே நின்றுவிடவும் செய்யலாம். தலைப்புச் செய்தி பெரும்பாலும் முதல் இரண்டு கட்டங்களில்தான் வருகிறது.

2022 செப்டம்பரில் வேதாந்தாவும் ஃபாக்ஸ்கானும் குஜராத் அரசோடு 1.54 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. சிப் ஆலை, ஒரு லட்சம் வேலை என்று பேச்சு. மகாராஷ்டிரத்திலிருந்து ஆலை கைமாறிப் போய்விட்டதென்று அரசியல் சண்டையே நடந்தது. 2023 ஜூலையில் ஃபாக்ஸ்கான் அந்தக் கூட்டிலிருந்து விலகிவிட்டது. கட்டப்படாத ஓர் ஆலைக்காக இரண்டு மாநிலங்கள் மோதிக்கொண்டிருந்தன.

நம் மாநிலக் கணக்கையும் பாருங்கள். சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 2015ல் 2.42 லட்சம் கோடி, 2019ல் 3 லட்சம் கோடி, 2024ல் 6.64 லட்சம் கோடி ரூபாய் என்று ஒப்பந்தத் தொகைகள் அறிவிக்கப்பட்டன. முதல் இரண்டும் அதிமுக ஆட்சி, மூன்றாவது திமுக ஆட்சி. நீங்கள் யாருக்கு வாக்களித்தவராக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இவற்றில் எத்தனை ஆலைகளில் இன்று சம்பளப் பட்டியல் ஓடுகிறது? உங்களுக்குப் பிடித்த ஆட்சியிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் மற்ற ஆட்சியிடம் கேட்பதிலும் பலன் இல்லை. நான் இதில் கண்டிப்பாக இருக்கிறேன்.

படி 2: சொல்லுக்கு அவர்கள் வைத்திருக்கும் பொருளைத் தேடுங்கள்

2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் கிராமத்துக்கு மின்சாரம் போனதோடு நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்வசதி பெற்றன என்று அறிவிக்கப்பட்டது. அந்த வரையறைப்படி, மின்மாற்றியும் கம்பியும் வந்து, பள்ளி போன்ற பொது இடங்களுக்கு இணைப்பு கொடுத்து, வீடுகளில் பத்துக்கு ஒன்றில் விளக்கு எரிந்தால் அது மின்வசதி பெற்ற கிராமம். மீதி ஒன்பது வீடு இருட்டில் இருந்தாலும் கணக்கில் அந்த ஊர் முடிந்துவிடும். அந்தப் பணியில் உழைத்த லைன்மேன்களின் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை, அது பெரிய வேலை. வீட்டைக் கேட்கிறவருக்குக் கிராமத்தைக் காட்டிப் பதில் சொன்னதுதான் சிக்கல்.

கண்ணாடி இழைக் கதையும் இதே மாதிரிதான். 2011 அக்டோபரில் மத்திய அரசின் இந்தத் திட்டம் ஒப்புதல் பெற்றபோது, இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் இரண்டே வருடத்தில் இணையம் என்பதுதான் இலக்கு. பிறகு திட்டத்துக்கு பாரத்நெட் என்று பெயர் மாறியது. முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் முடிந்தது 2017 டிசம்பரில். 2020 சுதந்திர தின உரையில் ஆயிரம் நாளில் ஆறு லட்சம் கிராமங்களுக்கும் இழை என்றார் பிரதமர். ஆயிரம் நாள் 2023 மே மாதத்தில் முடிந்தது. அந்த ஆகஸ்ட்டில் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம் அமைச்சரவையில் ஒப்புதலாகிறது. இலக்குத் தேதி தள்ளிப்போகும்போது பழைய தேதியை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். அறிவித்த நாள், சொன்ன தேதி, சொன்ன எண் என்று மூன்று கட்டம் இருந்தால் போதும். என் நோட்டில் 2015 ஜூன் 25 அன்று தொடங்கிய நூறு ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு மட்டும் முடிவுத் தேதியை மூன்று தடவை அடித்து எழுதியிருக்கிறேன். கடைசித் தேதி 2025 மார்ச் 31.

படி 3: அது யார் பணம்?

"இத்தனை ஆயிரம் கோடி முதலீடு" என்றால் நிறுவனம் தன் பையிலிருந்து போடுவதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். குஜராத் சானந்தில் மைக்ரான் ஆலையை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூனில் ஒப்புதல். மொத்தம் 22,516 கோடி ரூபாய். திட்டச் செலவில் 50 சதவீதம் மத்திய அரசு, 20 சதவீதம் குஜராத் அரசு. அதாவது எழுபது பைசா நம் வரிப்பணம், முப்பது பைசா கம்பெனி பணம். பொதுப்பணம் மட்டும் ஏறக்குறைய 15,760 கோடி. நேரடி வேலை சில வருடங்களில் அதிகபட்சம் 5,000 என்று நிறுவனம் சொன்னது. வகுத்துப் பாருங்கள்: ஒரு வேலைக்கு 3 கோடி ரூபாய்க்கு மேல் பொதுப்பணம்.

இன்னொன்றும் உண்டு. அங்கே நடப்பது சிப்பைப் பொருத்தி, சோதித்து, உறையிடும் வேலை. சிலிக்கான் தகட்டில் சிப்பையே உருவாக்கும் ஆலை அது இல்லை. செய்தியில் இரண்டுக்கும் "சிப் ஆலை" என்று ஒரே பெயர்தான். வெளிநாட்டைச் சார்ந்திருக்கக் கூடாது, பாதுகாப்புக்கு வேண்டும் என்ற காரணத்துக்காக இவ்வளவு செலவிடலாம் என்று ஒருவர் வாதிட்டால் அது கேட்க வேண்டிய வாதம். அப்படியானால் அதை அந்தக் காரணம் சொல்லியே மக்கள் முன் வைக்க வேண்டும், வேலைவாய்ப்பு என்று சொல்லி அல்ல.

இந்த வகுத்தலை எந்த அறிவிப்புக்கும் செய்யலாம். 2024 சென்னை மாநாட்டில் நேரடி வேலை சுமார் 14.5 லட்சம், மறைமுக வேலை சுமார் 12.4 லட்சம் என்றார்கள். நேரடி வேலைக்கு மட்டும் வகுத்தால் தலைக்கு 46 லட்சம் ரூபாய் முதலீடு. மறைமுக வேலையை யாரும் தலை எண்ணிப் பார்ப்பதில்லை, அது ஒரு பெருக்கல் மட்டுமே. தலைப்பில் இரண்டையும் கூட்டி 26.9 லட்சம் என்று வந்தால் பென்சிலை எடுத்துப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: சதவீதத்துக்குப் பின்னால் இருக்கும் ரூபாயைப் பாருங்கள்

2021 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, 20.1 சதவீதம் வளர்ந்தது. எண் சரிதான். அதற்கு முந்தைய வருடம் இதே காலாண்டில் ஊரடங்கு. 2019ன் அந்தக் காலாண்டில் சுமார் 35.66 லட்சம் கோடியாக இருந்தது 26.95 லட்சம் கோடிக்கு விழுந்து, 32.38 லட்சம் கோடிக்கு எழுந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இருந்த இடத்துக்குக்கூட வந்து சேரவில்லை. கிணற்றில் விழுந்தவர் பாதிக்குச் சற்று மேல் ஏறியதைத்தான் அந்த 20 சதவீதம் சொல்கிறது.

அடுத்து, முதலில் வரும் எண் இறுதி எண் அல்ல. ஜனவரியில் முதல் முன்மதிப்பீடு, பிப்ரவரி இறுதியில் இரண்டாவது, மே இறுதியில் தற்காலிக மதிப்பீடு, பிறகு சில வருடங்களுக்குத் திருத்தங்கள். தேர்தல் மேடையில் பேசப்படுவது பெரும்பாலும் முதல் எண். பணமதிப்பிழப்பு நடந்த 2016-17க்கு முதலில் 7.1 சதவீதம் என்றார்கள். 2019 ஜனவரியில் அது 8.2 ஆனது. கையில் காசில்லாமல் வங்கி வாசலில் நின்ற வருடம், பத்தாண்டின் மிகச் சிறந்த வருடங்களில் ஒன்றாகிவிட்டது. இதை எப்படிப் புரிந்துகொள்வது? அதற்கு அடுத்த படி.

படி 5: ஜிடிபிக்குள் கை விடுங்கள்

இது கொஞ்சம் நீளம். இங்கேதான் பலர் பயந்து திரும்பிவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு இட்லிக் கடை. தினம் ஆயிரம் இட்லி, ஒன்று பத்து ரூபாய், வரவு பத்தாயிரம். போன வருடம் அரிசி, உளுந்து, கேஸ் எல்லாம் சேர்த்து ஆறாயிரம். கடை சேர்த்த மதிப்பு நாலாயிரம். இந்த வருடம் அரிசி, உளுந்து விலை இறங்கி செலவு ஐயாயிரம் ஆகிறது. இட்லி அதே ஆயிரம், விலை அதே பத்து. சேர்த்த மதிப்பு இப்போது ஐயாயிரம், அதாவது 25 சதவீதம் அதிகம். ஒரு இட்லிகூடக் கூடுதலாக அவியவில்லை. விற்பனைக்கும் செலவுக்கும் தனித்தனியாக விலைமாற்றத்தைக் கழித்திருந்தால் வளர்ச்சி பூஜ்யம் என்று வந்திருக்கும். 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட ஜிடிபி வரிசையில் பல துறைகளுக்கு ஒரே விலைக் குறியீட்டால் கழித்தார்கள், அதிலும் மொத்த விலைக் குறியீட்டுக்குப் பெரிய பங்கு. கச்சாப்பொருள் விலை சரியும் வருடத்தில் இது வளர்ச்சியைக் கூட்டிக் காட்டும், விலை ஏறும் வருடத்தில் குறைத்தும் காட்டும்.

2023-24ஐப் பாருங்கள். 2024 மே மாத மதிப்பீட்டின்படி நடப்பு விலையில் வளர்ச்சி 9.6 சதவீதம், விலையேற்றம் கழித்து 8.2. அப்படியென்றால் கழித்த விலையேற்றம் சுமார் 1.4 சதவீதம்தான். அதே வருடம் நுகர்வோர் விலைவாசி 5.4 சதவீதம் ஏறியது என்று அதே அரசு சொல்கிறது. உங்கள் வீட்டு மளிகைச் சீட்டு எந்த எண்ணோடு ஒத்துப்போனது என்று உங்களுக்கே தெரியும். இரண்டும் வெவ்வேறு பொருள்களை அளப்பவை, ஆகவே ஒரே எண்ணாக இருக்க வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அறிக்கையில் ஜிடிபிக்குப் பக்கத்திலேயே ஜிவிஏ என்று ஒரு வரி இருக்கும், உற்பத்தியில் சேர்ந்த மதிப்பு. அதோடு மறைமுக வரியைக் கூட்டி மானியத்தைக் கழித்தால் ஜிடிபி. 2023 அக்டோபர்-டிசம்பரில் ஜிடிபி 8.4 சதவீதம், ஜிவிஏ 6.5 சதவீதம். உர மானியம் போன்றவை குறைந்தாலே ஜிடிபி தூக்கும், வயலில் ஒரு மூட்டை கூடுதலாக விளைய வேண்டியதில்லை. இரண்டு எண்ணும் விலகி நிற்கும்போது சிறியதை நம்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். விலகலுக்குக் காரணம் வரியா மானியமா என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் வலிக்கும் இடம் அடுத்தது. காலாண்டுக் கணக்கு பெரும்பாலும் அமைப்புசார்ந்த துறையின் தரவை வைத்தே ஓடுகிறது. பட்டியலிட்ட நிறுவனங்கள் கணக்குக் கொடுக்கின்றன. பள்ளிபாளையத்தில் நாலு விசைத்தறி வைத்திருப்பவர் எந்தக் கணக்கையும் டெல்லிக்கு அனுப்புவதில்லை. பதிவுபெறாத சிறு தொழில்களை நேரில் போய் எண்ணும் ஆய்வு 2015-16ல் நடந்தது, அதற்குப் பிறகு 2021-22ல்தான். இடையில் பணமதிப்பிழப்பு, ஜிஎஸ்டி, கொரோனா மூன்றும் வந்து போயின. அந்த வருடங்களில் சிறு தறிக்காரரும் பெரிய மில்லைப் போலவே போயிருப்பார் என்ற அனுமானம் கணக்கில் நின்றது. தறி பழைய இரும்புக்குப் போனதை அந்த எண் பார்க்கவில்லை. 2016-17ன் 8.2க்கு முழு விளக்கம் இதுதான் என்று சொல்லமாட்டேன், ஆனால் தேட ஆரம்பிக்க வேண்டிய இடம் இது.

முன்னாள் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் 2019ல், 2011-12 முதல் 2016-17 வரை வளர்ச்சி வருடத்துக்குச் சுமார் 2.5 புள்ளி மிகையாகக் காட்டப்பட்டது என்று எழுதினார். அரசும் வேறு சில பொருளாதார அறிஞர்களும் அதை மறுத்தார்கள். இரண்டு தரப்பையும் படியுங்கள். அவர் சொன்ன காலத்தில் பாதி காங்கிரஸ் ஆட்சி, பாதி பாஜக ஆட்சி என்பதைக் கவனியுங்கள்.

படி 6: வேலையின்மை எண்ணைப் பிரித்துப் படியுங்கள்

அரசின் தொழிலாளர் ஆய்வின்படி, பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வேலையின்மை 2017-18ல் 6 சதவீதம், 2023-24ல் 3.2 சதவீதம். பாதியாகிவிட்டது. அடுத்த அட்டவணைக்குப் போங்கள். வேலை செய்பவர்களில் சுயதொழில் என்று எண்ணப்படுபவர்கள் 52.2 சதவீதத்திலிருந்து 58.4 ஆகியிருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரர்கள் 22.8லிருந்து 21.7. வீட்டுத் தறிக்குத் தார் சுற்றும் மனைவிக்கும் கல்லூரி முடித்துவிட்டு அப்பாவின் மளிகைக் கடையில் உட்காரும் மகனுக்கும் தனிச் சம்பளம் கிடையாது. ஆனாலும் இருவரும் "வேலையில் இருப்பவர்கள்". உலகம் முழுக்க இதுதான் முறை, இந்தியா கண்டுபிடித்ததில்லை. வார நிலைக் கணக்கில் ஏழு நாளில் ஒரு மணி நேரம் உழைத்தாலே வேலை உண்டு என்று பொருள். நம் வீட்டில் "பையனுக்கு வேலை கிடைச்சாச்சா?" என்று கேட்கும்போது நாம் கேட்பது வேறு. ஆகவே வேலையின்மை எண்ணை மட்டும் எடுக்காமல் சம்பள வேலையின் பங்கையும் உண்மைக் கூலியையும் சேர்த்துப் படியுங்கள்.

பி.எஃப். கணக்கு எண்ணிக்கையைப் புது வேலை என்று காட்டினால் ஒரே கேள்வி: இருபது பேர் ஆனால்தான் பி.எஃப். கட்டாயம் என்றால், இருபதாவது ஆள் சேர்ந்ததும் பழைய பத்தொன்பது பேருக்கும் அன்றுதானே கணக்குத் தொடங்கும்?

படி 7: "சேமித்தோம்" என்றால், எதனால்?

கேஸ் மானியம் நேராக வங்கிக் கணக்குக்குப் போன திட்டத்தால் பல ஆயிரம் கோடி மிச்சம் என்று பேசப்பட்டது. 2016ல் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. 2015 ஏப்ரல்-டிசம்பரில் மானியச் செலவு முந்தைய வருடத்தைவிடச் சுமார் 23,300 கோடி குறைந்திருந்தது. அதில் சுமார் 21,550 கோடி மானிய விகிதம் இறங்கியதால், அதாவது உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்ததால். சிலிண்டர் வாங்குவது குறைந்ததால் மிச்சமானது சுமார் 1,760 கோடி. தொழில்நுட்பத்துக்குச் சேர வேண்டிய பாராட்டு இந்தச் சிறிய எண்ணுக்குள்தான் எங்கோ இருக்கிறது.

படி 8: வராத எண்ணைத் தேடுங்கள்

2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். ஆணையம் ஒப்புதல் தந்த வேலைவாய்ப்பு அறிக்கையை அரசு வெளியிடாமல் வைத்திருந்தது ஒரு காரணம். அறிக்கை பத்திரிகையில் கசிந்தது: 2017-18ல் எல்லா வயதினரையும் சேர்த்து வேலையின்மை 6.1 சதவீதம், 45 வருட உச்சம். தேர்தல் முடிந்து மே 31 அன்று அதே எண்ணை அரசே வெளியிட்டது. அந்த வருட நவம்பரில் 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வைத் தரம் போதாது என்று சொல்லி ரத்தே செய்தார்கள். கசிந்த விவரப்படி, விலையேற்றம் கழித்து ஒருவர் மாதத்தில் செலவிட்டது 2011-12ல் இருந்த 1,501 ரூபாயிலிருந்து 1,446க்கு இறங்கியிருந்தது. 2021ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குப் போய்விட்டது. ரேஷன் பயனாளி எண்ணிக்கை உட்பட எத்தனையோ கணக்குகள் இன்னும் 2011ன் தலை எண்ணிக்கை மேல் நிற்கின்றன.

வீடு வீடாகப் போய் வெயிலில் நின்று படிவம் நிரப்பும் களப் பணியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். நேர்மையாக உழைக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த எண் மேசை இழுப்பறையில் உறங்குவது அவர்களுக்கும் சேர்த்து இழைக்கும் அநீதி.

படி 9: நிஜமென்றால் வேறு எது அசைந்திருக்க வேண்டும்?

வளர்ச்சி உண்மையென்றால் மின் நுகர்வு, டூவீலர் விற்பனை, சரக்கு ரயில், கிராமக் கூலி ஆகியவற்றில் சிலவாவது கூடவே அசைய வேண்டும். நூறு நாள் வேலைக்கு வரும் கூட்டம் இதற்கு நல்ல எதிர்க்கண்ணாடியாக இருந்தது. 2019-20ல் சுமார் 5.5 கோடி குடும்பங்கள், 2020-21ல் சுமார் 7.5 கோடி. எந்த வளர்ச்சி எண்ணும் வருவதற்கு முன்பே அது நெருக்கடியைச் சொல்லிவிட்டது. ஒரே ஒரு குறியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் "எல்லாம் பொய்" படத்துக்கும் மேலே சொன்ன எட்டுப் படிகளையும் போட்டுப் பாருங்கள், பாதி அங்கேயே உதிர்ந்துவிடும்.

படி 10: உங்கள் ஊரில் சரிபாருங்கள்

பட்ஜெட் ஆவணத்தில் ஒரு திட்டத்துக்கு நேராக மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று கட்டங்கள் இருக்கும். செலவு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும், அதைத் தேடிப் படியுங்கள். மாநிலத் திட்டமென்றால் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கும். போன வருடக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்தப் பத்தி அப்படியே திரும்ப வந்திருக்கிறது என்று தெரியும்.

பிறகு தகவல் உரிமை மனு. மாநில அலுவலகமென்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு, சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன்" என்று கேட்காதீர்கள், கருத்துச் சொல்ல அவர்களுக்குக் கடமையில்லை. தேதி, தொகை, நகல், பதிவேடு என்று கேளுங்கள். நேரில் ஆவணங்களையும் பணியையும் பார்வையிடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. இதை அநேகம் பேர் பயன்படுத்துவதில்லை.

எங்கள் பெட்டிக்கு நான் நாலு கேள்வி எழுதினேன்: கருவி மாட்டிய தேதி, இணைப்பு முதலில் இயங்கிய தேதி, கடந்த பன்னிரண்டு மாதத்தில் மாதவாரியாகப் பயன்படுத்திய தரவு அளவு, பராமரிப்புக்குக் கொடுத்த தொகை. முதல் கேள்விக்குத் தேதியோடு பதில் வந்தது. மற்ற மூன்றுக்கும் "விவரம் இல்லை" என்று இருந்தது. அந்தத் தாளை அக்டோபர் 2 கிராம சபையில் வாசித்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னோம். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். டிசம்பரில் இரண்டு பேர் வந்து பேட்டரியை மாற்றி, அறுந்திருந்த இழையை ஒட்டிவிட்டுப் போனார்கள். இப்போது பச்சை விளக்கு எரிகிறது. ரசீதுக் கட்டுகள் பீரோவுக்குள் போய்விட்டன. பலத்த மழை பெய்யும் நாளில் செயலர் இன்னும் ஹாட்ஸ்பாட் போடுகிறார். அந்தத் தேதிகளையும் நோட்டில் குறித்து வருகிறேன்.